தாழ் விழாத கதவு

"இது யார் செலவுன்னு முதல்ல முடிவாகட்டும். அப்புறம் உளியை எடுங்க" என்றார் மாடிக்காரர்.

தச்சர் திறந்த பையை அப்படியே விட்டுவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துகொண்டார். இந்த மாதிரிப் பஞ்சாயத்துகள் அவருக்குப் புதிதல்ல.

மாடிக்காரர் வீட்டின் சொந்தக்காரர். மாடியில் குடியிருப்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் மாடிக்காரர்தான். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்.

அந்தக் கீழ்வீட்டின் வாசல் கதவு மழைக்காலத்திலிருந்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. சாத்தினால் நிலையோடு சேராமல் விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். தாழ்ப்பாள் துளைக்குப் பக்கம் வரை வரும், உள்ளே போகாது.

கீழ்வீட்டுப் பெண் எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். சரக்கு லாரி ஓட்டுகிற அவள் கணவனும், ஊரில் இருந்த ஒருநாள் மாடியேறி வந்து சொல்லிவிட்டுப் போனான்.

மாடிக்காரர் ஒருமுறைகூட இறங்கி வந்து பார்க்கவில்லை. வாடகை ஒப்பந்தம் அவருக்கு மனப்பாடம். சுவரும் கூரையும் குழாயும் அவர் பொறுப்பு. புழக்கத்தில் கெட்டுப்போவதெல்லாம் குடியிருப்பவர் பொறுப்பு. கதவு புழங்குகிற பொருள் இல்லாமல் வேறென்ன?

இன்று அவளே தச்சரைக் கூட்டிவந்துவிட்டாள். செலவை வாடகையில் கழித்துவிடுவார்களோ என்ற பதற்றத்தில், செருப்புகூடப் போடாமல் மாடிக்காரர் இறங்கி வந்திருந்தார்.

"படார் படார்னு அடிச்சுச் சாத்தினா எந்த மரம்தாம்மா தாங்கும்?"

அவள் உள்ளே வந்து பார்க்கும்படி ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே நுழைந்ததுமே அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. சிமெண்ட் தரையில், பூச்சுப் பெயர்ந்து, இரண்டு நீளமான கீறல்கள்.

"தரையையும் பாழாக்கியாச்சா? இதுக்கு யார் பொறுப்பு?"

"நாங்கதான் சார். சரி பண்ணிக் குடுத்துடறோம்."

மல்லுக்கட்டத் தயாராக வந்தவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கீறல்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தார். சுவரோரம் நின்ற இரும்பு பீரோவின் காலடியில் தொடங்கி, சாத்தினால் கதவு எங்கே நிற்குமோ அங்கே வந்து முடிந்தன.

பீரோவையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொஞ்ச நாளுக்கு முன்புவரை, அவர் படுக்கப்போகிற நேரம் பார்த்துக் கீழே இரும்பு தேய்கிற சத்தம் கேட்கும். நாள் தவறாது. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் படியில் நின்று, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி கத்தித் தீர்த்தார். குடித்தனம் நடத்துகிறீர்களா, குடோன் நடத்துகிறீர்களா என்று கேட்டார். எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

மறுநாளிலிருந்து சத்தம் இல்லை. கறாராகச் சொன்னால்தான் வழிக்கு வருவார்கள் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார். அதன்பிறகு நன்றாகத் தூங்கினார்.

"இப்போ பீரோவை நகத்தறதில்லையா?" என்று கேட்டார். குரல் தானாக இறங்கியிருந்தது.

"நீங்க சொன்னதிலேருந்து இல்ல சார்."

அவர் நம்பவேண்டுமே என்கிற கவலை அவள் முகத்தில் இருந்தது.

மாடிக்காரர் கதவைச் சாத்திப் பார்த்தார். கையை எடுத்ததும் அது மெல்லத் தானாகத் திறந்துகொண்டது. தெருவில் போகிறவர் ஒருவர் தலையைத் திருப்பி உள்ளே பார்த்துக்கொண்டே போனார். மறுபடி சாத்தினார். மறுபடி திறந்தது.

வாரத்தில் பாதி நாள் அவள் கணவன் லாரியோடு எங்கோ இருப்பான் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

"வேலையை ஆரம்பிங்க" என்றார் தச்சரிடம், அவர் முகத்தைப் பார்க்காமல். "நான் தந்துடறேன்."

தச்சர் எழுந்து வந்து கதவை அகலத் தள்ளினார். பாதிக்குமேல் போகவில்லை. பின்னால் எதுவோ இடித்தது.

"மூலையில என்னம்மா இருக்கு? கொஞ்சம் எடுத்துடுங்களேன்."

அவள் விரைந்து வருவதற்குள் மாடிக்காரர் குனிந்துவிட்டார். அந்த நேரத்தில் அவருக்கு எதையாவது தூக்கிக் கொடுக்கவேண்டும் போலிருந்தது.

கைக்கு வந்தது சுருட்டி வைத்த பாய். தூக்கியதும் அதற்குள்ளிருந்து ஒரு தலையணை நழுவி அவர் காலடியில் விழுந்தது. வெள்ளை உறை. அதன் ஒரு பக்கம் நெடுக, கதவின் பச்சைப் பெயிண்ட் தேய்ந்து தேய்ந்து ஒட்டியிருந்தது.

அவள் சட்டென்று அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். பிடிபட்டுவிட்டவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கதவுல அடிப்பக்கம் பெயிண்ட் கொஞ்சம்தான் போயிருக்கு சார்" என்றாள். "அதையும் நாங்களே அடிச்சுக் குடுத்துடறோம்."