பயிற்சி வகுப்பில் ஒரு பாவம்

“மாமா, நீங்க என்ன பாவம் செஞ்சீங்க?”

அக்கா மகள் ஒருநாள் கேட்டாள். குருவாகப் படித்துக்கொண்டிருந்த குருமடத்திலிருந்து ஓராண்டுக்கு வீட்டுக்கு அனுப்பப்பட்டு, அவன் பெட்டியோடு வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று.

அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அந்தக் கேள்விக்குப் பதில் இப்போது அவன் முன்னால் முழந்தாளிட்டிருந்தது.

பாவசங்கீர்த்தனம், அதாவது மக்கள் வந்து சொல்லும் பாவங்களைக் கேட்டு மன்னிப்பு வழங்கப் பழகும் வகுப்பு. குருப்பட்டம் பெறப்போகிறவர்களில் ஒருவன் குருவாக நாற்காலியில் உட்கார வேண்டும். இன்னொருவன் ஏதாவது ஒரு பாவத்தைக் கற்பனை செய்துகொண்டு வந்து முழந்தாளிட வேண்டும். இன்று நாற்காலியில் அவன்; மற்றவர்கள் பெஞ்சுகளில். வகுப்பெடுக்கும் இன்னாசி சாமி பின்னால் நின்று திருத்துவார்.

சற்று முன் ஒருவன் கோழித் திருடனாக வந்தான்.

“இப்ப கோழி எங்கப்பா?”

“கொழம்புல சாமி.”

வகுப்பே சிரித்தது.

அடுத்து பெர்க்மான்ஸ். அவன் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்தவன் காதருகே நெருங்கி, வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னான்.

“வச்சிருக்கக்கூடாத போன் சாமி. ரெக்டர் சோதனைக்கு வாராருன்னதும் பக்கத்துக் கட்டில்காரன் பெட்டியில போட்டுட்டேன். அவன வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நான் வாயத் தெறக்கல.”

அந்தப் பக்கத்துக் கட்டில் நாற்காலியில் இருந்தவனுடையது.

ஓராண்டு வீட்டில் இருந்துவிட்டு வந்துதான், தனக்கு ஒரு வகுப்பு பின்னால் இருந்த பெர்க்மான்ஸோடு சேர்ந்தான்.

பெண் விவகாரம் என்றது ஊர். அப்பா பூசைக்குப் போவதையே நிறுத்தினார். அம்மா போனாள். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில், பக்கத்தில் நின்ற பெண்கள் வேறு பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள்.



நிஜத்தில் சொல்லத் துணியாதவன் நாடகத்தில் சொல்கிறான். நாடகத்திலேயே மன்னிப்பும் வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறான்.

“சத்தமாச் சொல்லுப்பா, எங்களுக்கும் கேக்கட்டும்” என்றார் இன்னாசி சாமி.

பெர்க்மான்ஸின் முகம் வெளிறியது.

‘திரும்பச் சொல்லுங்க பிரதர்.’ அவ்வளவு சொன்னால் போதும். பட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம். இந்த முறை வீட்டுக்குப் போவது பெர்க்மான்ஸின் பெட்டி.

நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

அவன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“சாமி, பாவமன்னிப்பு ஜெபம் மறந்துபோச்சு.”

வகுப்பு ஓவென்று கூவியது. இன்னாசி சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

“வெளங்கும்! கோழித் திருடனுக்குக்கூட ஜெபம் தெரியும்டா. போ, போய் உக்காரு.”

உட்கார்ந்தான். காது மடல் எரிந்தது.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் பெர்க்மான்ஸ் பின்னால் ஓடிவந்தான். “டேய்...”

அவன் நின்றான். அறைந்துவிடுவோமோ என்று பயந்து, இரண்டு கைகளையும் அங்கிப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

“மன்னிப்ப வெளயாட்டுல குடுக்க மாட்டேன். பட்டம் வாங்குன பெறகு கோயிலுக்கு வந்து கேளு. தாரேன்.”

அன்று குருமடத் தலைவரான ரெக்டரின் அறையை எத்தனையோ முறை கடந்து நடந்தான். நிஜப் பாவசங்கீர்த்தனம் இல்லை என்பதால், வகுப்பில் கேட்டதை மறைக்க வேண்டிய கடமை எதுவும் இல்லை. தாராளமாகச் சொல்லலாம்.

கதவைத் தட்டவில்லை.

கோபமும் ஆறவில்லை.

பட்டம் பெற்று, முதலில் அனுப்பப்பட்ட பங்கு ஊரில் ஒரு மதியம். கோயிலில் ஆளில்லை; பாவசங்கீர்த்தன நாற்காலியில் அவன் மட்டும். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து முழந்தாளிட்டார்கள். தெரிந்த குரல்.

அங்கே கேட்டது அங்கேயே.

கோபம் அப்போதும் உள்ளேதான் இருந்தது. ‘உன் பாவங்களிலிருந்து நான் உன்னை விடுவிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். ‘நான்’ என்ற இடத்தில் நிறுத்திவிட்டான்.

மறுபடி தொடங்கி, ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தான்.

காலடிகள் வாசலைத் தாண்டிப் போகும்வரை அசையவில்லை.

பிறகு வெளியே வந்தான். சுற்றிப் போய், பெர்க்மான்ஸ் முழந்தாளிட்ட அதே பலகையில், தன் கோபத்தைச் சொல்லத் தானும் முழந்தாளிட்டான்.

மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம், நாற்காலி காலியாக இருந்தது.