துண்டுக்காரர்

கடற்கரை விடுதியில் எங்களுக்கு வேலை என்று ஒன்றும் இல்லாததால், மற்றவர்களை வேடிக்கை பார்த்து வம்பளந்தோம். தட்டில் மலைபோல் பழம் குவிப்பவருக்குப் 'பழக்கடை' என்று பெயர். எந்நேரமும் சண்டை போடும் புதுமண ஜோடிக்குக் 'கீரியும் பாம்பும்'. பட்டப்பெயர் வைப்பதில் என் மனைவியை மிஞ்ச ஆள் கிடையாது.

'துண்டுக்காரர்' அவள் வைத்ததுதான். தினமும் காலையில் அந்த வழுக்கைத் தலைக்காரர் கடலிலிருந்து சொட்டச் சொட்ட ஏறி வருவார். "வந்துட்டேம்மா" என்பார். குடையடியில் காத்திருக்கும் அவர் மனைவி தலை நிமிராமல் துண்டை நீட்டுவார்.

"வர்றதைத்தான் பார்க்கிறோம். இந்த மனுஷன் எப்பங்க உள்ள போறாரு?" என்று கேட்டாள் என் மனைவி.

ஊருக்குக் கிளம்பும் நாளில் அதையும் பார்த்துவிடுவது என்று விடிவதற்கு முன்பே கரையில் போய் உட்கார்ந்தோம். மணலில் ஒரு காலடித் தடம்கூட இல்லை. குளிருக்கு அவள் துண்டைத் தோளில் போர்த்திக்கொண்டாள். வெளிச்சம் வந்தது. அந்த அம்மாள் வந்து குடையை விரித்தார். கடலுக்குள் ஒருவரும் இறங்கவில்லை.

துண்டுக்காரர் வழக்கம்போல் கடலிலிருந்து ஏறி வந்தார். இன்று எங்கள் அருகே நின்றார்.

"தம்பி, உங்க வீட்டம்மா பின்னாடியே வர்றாங்க. துண்டை எடுத்து வச்சுக்குங்க" என்றார் என்னிடம்.

ஆள் மாறிச் சொல்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "இவங்கதாங்க என் வீட்டம்மா" என்று பக்கத்தில் காட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. கடலைப் பார்த்தபடியே தோளிலிருந்த துண்டை எடுத்து, மடித்து, என் மடியில் வைத்தாள்.