மலையடிவாரத்தில் ஓடும் ஆட்டம்

மாற்றிச் சொல்லித் தொலைத்துவிடுவோமோ என்று கற்பகம் சேதியை வாய்க்குள்ளேயே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளிடம் போய் கம்ப்யூட்டர் சேதி சொல்லி அனுப்பினால்?

அனுப்பியவன் எதிர்வீட்டு திருமலை. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவன். கற்பகத்தின் மருமகள் எழிலரசியோடு தினமும் சாயங்காலம் ஆன்லைனில் துப்பாக்கி ஆட்டம் ஆடும் கூட்டத்தில் ஒருத்தன்.

"நீயே சொல்லேன்டா."

"அண்ணிதான் எங்க கேப்டன். நான் சொன்னா கத்துவாங்க பெரிம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க."

எழிலரசி சேலை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் கற்பகம் ஆரம்பித்துவிட்டாள்.

"இந்த ஆட்டம் உங்கள்ல யாராவது ஒருத்தர் வீட்டு கம்ப்யூட்டர்லதான் ஓடுதாமே? மத்தவங்க அதுல வந்து சேந்துக்கறதாம். யார் வீட்ல ஓடுதோ அவனுக்கு வழுக்கிகினு போவுதாம். மத்தவங்களுக்கு சிக்கு விழுந்த நூலாட்டம் நின்னு நின்னு வருதாம். சரியா சொல்றேனா?"

"சூப்பரா சொல்றீங்க அத்தை."

"நம்ம வீட்ல நல்ல லைன் இருக்கும்போது, மலையடிவாரத்துல எவனோ ஒருத்தன் வீட்டு ஓட்டை லைன்ல ஓட வெக்கிறியாம். அவன் சுட்டா உடனே ஆள் விழுது. இவங்க சுட்டா, டீ குடிச்சிட்டு வந்தப்புறம்தான் குண்டே கிளம்புதாம். தினமும் அவனே ஜெயிக்கிறானாம். அதனால ஆட்டத்துக்குன்னே சென்னையில தனியா ஒரு சர்வர் வாடகைக்கு எடுக்கணுமாம். யார் வீடும் இல்ல, பொது எடம். எல்லாருக்கும் நியாயம். இன்னா சொல்ற?"

"வேணாம் அத்தை."

கற்பகத்துக்குச் சுருக்கென்றது.

"யார்டி அவன்? உங்கம்மா வீட்டு ஆளா? கள்ள ஆட்டம்னு தெருவே பேசிகினு இருக்குது. ஒரே பேஜாரா போச்சி எனக்கு."

"எங்கம்மா வீடு இல்ல, உங்கம்மா வீடு."

"இன்னாது?"

"படவேட்டு மாமா. உங்க தம்பி."

கற்பகம் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி முருகேசன் தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவன். விடிந்தால் ஒரு போன், சோறு தின்றால் ஒரு போன். 'ஏன்தான் பொழைச்சேனோக்கா' என்று ஒரே அழுகை. கொஞ்ச நாளாக அந்தப் போனையே காணோம். படவேட்டு அம்மன் ரேணுகாம்பாளுக்கு முடிந்து வைத்த காசு வேலை செய்கிறது என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என் பழைய லேப்டாப்பை மாமாகிட்ட குடுத்துட்டேன் அத்தை. பொது சர்வர்னா எங்க நாலு பேருக்கும் நியாயம்தான். ஆனா அந்த லைனை வெச்சிகினு மாமா ஒரு அடி நகர்றதுக்குள்ள அவரை சுட்டுடுவாங்க. அப்புறம் அவரு ஆடவே மாட்டாரு."

"இதை திருமலைகிட்ட சொல்லிடேன்டி."

"சொன்னா, பாவம்னு விட்டுக்குடுப்பானுங்க. அது தெரிஞ்சா மாமா அன்னிக்கே மூடி வெச்சிடுவாரு. நெஜமா ஜெயிக்கிறோம்னு நெனச்சிதான் மனுஷன் ரெண்டு வாய் சாப்பிடறாரு."

வாசலில் திருமலையின் குரல்.

"பெரிம்மா, சொல்லிட்டீங்களா?"

கற்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"சொல்லிட்டேன்பா. மலையடிவாரத்துலயே ஓடட்டும், அதுதான் உங்களுக்கெல்லாம் சந்தோஷம்னு சொல்லிட்டேன். அவளும் சரின்னுட்டா."

"ஐயையோ, தலைகீழா மாத்திட்டீங்களே! ஜல்தி போய் சரியா சொல்லுங்க பெரிம்மா."

"சொல்றேன்பா. ஆனா நான் அஞ்சாங்கிளாஸு. இன்னொரு வாட்டியும் மாத்தித்தான் சொல்லுவேன்னு பயமா இருக்குது" என்றபடியே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் கற்பகம்.