சட்டைப்பை விபூதி

குமரகுருபரனுக்குப் பயத்தில் வியர்த்தது. சட்டைப்பையில் வைத்திருந்த விபூதியைப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தான்.

அப்போதுதான் வெளியே போய்விட்டு வந்திருந்த மனைவி அனுராதா கேட்டாள்:

"எங்க போயிருந்திய?"

"நெல்லையப்பர் கோயிலுக்கு."

"கிரகணத்துக்கு மத்தியானமே நட சாத்தியாச்சே!"

இனி மறைக்க முடியாது.

"இன்டர்நெட் சென்டருக்குப் போனேன். மாசாமாசம் டாலர்ல சந்தா கட்டி, கம்ப்யூட்டர்ல ஊரு பேரு தெரியாதவங்களோட வாள்சண்ட போடுதேன். தண்டச் செலவுதான். தெனமும் கருநாக ராணின்னு ஒருத்தி என்னைய வெட்டிச் சாய்க்கா. இந்த மாசத்தோட நிறுத்திருதேன்."

அனுராதாவின் முகம் வெளிறியது. கதவைச் சாத்திவிட்டு அவன் காதருகே வந்தாள்.

"பைய பேசுங்க, அத்த காதுல விழுந்துரப் போவுது. சந்தாவ நிறுத்தாதிய. இனிமே ஒங்கள வெட்ட மாட்டேன்."