மாடியில் கரிசல்

“மகராசனா இருப்பீய அண்ணாச்சி! வாடகைக்கு விட்ட வீட்டுக்கு யாரு இப்பிடிச் செய்வா?”

கரிசல் மண் சட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு மொட்டை மாடிக்குப் படியேறினாள் சீனித்தாய். தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, கூலியில்லாமல் மண் சுமந்தாள். மாடி முழுக்க மண் பரப்பி மல்லியும் கீரையும் போட்டால், கீழே அவளும் மகளும் குடியிருக்கும் பின்கட்டு வீடு குளுகுளுவென்று இருக்கும் என்று வீட்டுக்காரர் லிங்கராஜ் சொல்லியிருந்தார்.

“செம்மண் போடுங்க அண்ணாச்சி. கரிசல் தண்ணியக் குடிச்சா லேசுல விடாது. தளத்து ஓடு வேற அங்கன இங்கன பேந்திருக்கு. ஓதம் எறங்கி கீழ் வீடு ஒழுகிரும்” என்றார் கொத்தனார்.

“கரிசலே இருக்கட்டும்.”

ஓதம் இறங்க வேண்டும் என்பதுதானே அவர் திட்டம்! தளத்து ஓடுகளைக் கடப்பாரையால் நெம்பி வைத்ததே அவர்தான். தை மாதம் மகன் கல்யாணம். பின்கட்டு அவனுக்கு வேண்டும். புருஷனை இழந்தவளைக் காலி பண்ணச் சொன்னால் தெருவே காறித் துப்பும். அவளாகப் போய்விட்டால், ஒழுக்கைச் சிமெண்ட் பூசி அடைத்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீரில்தான் கை வைத்துப் பார்த்தார். கோவில்பட்டியில் தண்ணீர் எப்போது வரும் என்பது குழாய்க்கே தெரியாத கோடை அது. அந்த நேரம் பார்த்து, பின்கட்டுக்குப் போகும் போர்த் தண்ணீர் பைப்பை அடைத்தார். “நா என்னம்மா செய்ய? ஒங்க மதினி ஒரே பிடியா நிக்கா” என்று பழியை மனைவி செண்பகவல்லி தலையில் போட்டார். செண்பகவல்லிக்கு விஷயமே தெரியாது.

அப்போதும் சீனித்தாய் நகரவில்லை. லாரித் தண்ணீருக்கும் தெருக்குழாய்க்கும் பச்சைக் குடத்தோடு அலைந்தாள். அதற்குப் பிறகுதான் இந்தத் தோட்டம்.

மண் காய்ந்து வெடிப்பு விட்டதும் லிங்கராஜ் ஓஸைத் திறந்துவிடுவார். வெடிப்பு வழியே தண்ணீர் மடமடவென்று உள்ளே போகும். மல்லி முளைத்தது, கீரை முளைத்தது. கீழேயிருந்து முறையிடத்தான் ஆள் வரவில்லை.

எதிரே பார்த்தால் கையெடுத்துக் கும்பிட்டாள். “மல்லி நல்லா வந்திருக்கு அண்ணாச்சி” என்று சிரித்தாள். அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

கொஞ்ச நாளில் தெருக்குழாய் வரிசையில் பச்சைக் குடத்தைக் காணவில்லை. லாரி வந்தபோதும் காணவில்லை. ஈரத் தரையில் படுத்து அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டுவிட்டதோ? லிங்கராஜுக்குச் சோறு இறங்கவில்லை. ‘நீயெல்லாம் ஒரு மனுசனாலே’ என்று தன்னையே திட்டிக்கொண்டார். மகனுக்கு வேறு வீடு கிடைக்காமலா போய்விடும்?

மறுநாள் காலையில் மண்வெட்டியும் கையுமாகப் போய்ப் பின்கட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே சொட்டுச் சொட்டென்று சத்தம். பச்சைக் குடம், அண்டா, வாளி என்று வீடெல்லாம் பாத்திரம். நிரம்பிய வாளியை நகர்த்திவிட்டு வேறொன்றை வைத்துக்கொண்டிருந்தாள் மகள்.

லிங்கராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. “சீனித்தாயி, நா பாவிம்மா. இது தானா ஒழுகல. நா வேணும்னேதான்...” மண்வெட்டியை மாடிப் பக்கம் நீட்டினார். “இன்னைக்கே மண்ணப் பூரா அள்ளிட்டு ஒழுக்க அடைச்சிருதேன்.”

சீனித்தாய் பதறிப்போய் வாசலை எட்டிப் பார்த்தாள். செண்பகவல்லி அங்கே இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி! மதினிக்குத் தெரியாம நீங்க மாடி வழியாத் தண்ணி தாரத நா யார்ட்டயும் மூச்சு விடல.”