ஊசி தாவும் இடம்

"அம்மாவுக்கு இரைச்சலே ஆகாது. உன் இசைத்தட்டெல்லாம் கண்ணுல பட்டா நேரா பழைய சாமான் கடைக்குத்தான் போகும்" என்று கல்யாணமான புதிதிலேயே கணவன் எச்சரித்திருந்தான்.

அதனால், மாலை நடைக்குக் கிளம்பும் மாமியாரின் செருப்புச் சத்தம் மாடிப்படியில் ஓய்ந்த பிறகுதான் மருமகள் கிடார் இசையோடு வரும் அந்த ப்ளூஸ் பாட்டுத் தட்டைச் சுழலவிடுவாள். அவள் அப்பா கொடுத்தது. கீறல் விழுந்ததால், இரண்டாவது அடியின் பாதியிலேயே ஊசி நாலாவது அடிக்குத் தாவிவிடும். மாமியார் திரும்புவதற்குள் எல்லாம் பீரோவுக்குள் பதுங்கிவிடும்.

இன்று வெங்காயம் நறுக்கிக்கொண்டே மாமியார் எதையோ முணுமுணுத்தார். அதே பாட்டு. மருமகள் அருகில் வந்தாள்.

"இதை எங்க கேட்டீங்க அத்தை?"

"ரேடியோவுல எப்பவோ கேட்டிருப்பேன்."

மறுபடியும் முணுமுணுப்பு. இரண்டாவது அடியின் பாதியில், மூச்சுக்கூட விடாமல் மாமியார் நாலாவது அடிக்குத் தாவினார்.

ரேடியோப் பாட்டில் கீறல் ஏது? மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நாளையிலேர்ந்து நடக்கப் போகாதீங்க அத்தை."

"ஏம்மா?"

"எத்தனை நாள்தான் மாடிப்படியில உக்காந்திருப்பீங்க? உள்ள சோபா இருக்கு."

கத்தி ஒரு கணம் நின்றது.

"வரேன். ஆனா சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வை. அந்தக் கிடார் எனக்குச் சரியாவே கேக்கலை."