வைத்த பெயர்

மாணவர் போராட்டங்களில் முன்னுக்கு நின்ற என் அண்ணா பரஞ்சோதி, ஆயுத இயக்கம் தொடங்கி ராணுவத்துக்குத் தலைமறைவானதும் குமணன் என்று பெயர் மாற்றிக்கொண்டார். பல வருடம் கழித்து, ஆயுதத்தைக் கைவிட்டுத் தேர்தலில் நிற்பதற்காக வீட்டுக்கு வந்தவரை அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"பரஞ்சோதி!"

அண்ணா திரும்பவில்லை.

"செவிடோடா?"

"சொந்தப் பேருக்குத் திரும்பினா ஆமி பிடிச்சிடும் எண்டு இயக்கப் பெடியளுக்குப் பழக்கினதே நான்தானேயம்மா."

"இப்ப ஆரடா உன்னைப் பிடிக்கப்போறான்? அது நான் வைச்ச பேர். திரும்பிப் பழகு."

கிணற்றடியிலும் குசினியில் சமைக்கும்போதும் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் அண்ணா சட்டென்று திரும்பிச் சிரித்தார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பல வருடம் தலைமறைவாக இருந்ததால், முதல் கூட்டத்துக்கு வந்த சனத்துக்கு அவர் முகம் தெரியாது. அவர் மற்றவர்களோடு மேடைக்கு நடக்கையில், பின்னால் கூட்டத்துக்குள்ளிருந்து ஒருவன் கூப்பிட்டான்.

"பரஞ்சோதி அண்ணை!"

அண்ணா சிரித்தபடியே திரும்பினார். திரும்பியவர்தான் பரஞ்சோதி என்று தெரிந்ததும், தேடி வந்தவன் சுட்டான்.

சவப்பெட்டியைக் கட்டிப்பிடித்த அம்மா, "குமணன்... என்ர குமணன்" என்றுதான் அழுதார்.